ஏழு அடுக்கு ஊறுகாய்: ரீயூனியன் போகும் குரூப்பாஜ் சேவை கட்டுபடியாகுமா?

மொரீஷியஸிலிருந்து ரீயூனியனுக்கு ஊறுகாய் அனுப்ப மூன்று வழி: தபால், கூரியர், குரூப்பாஜ். முதல் இரண்டும் எல்லாருக்கும் தெரிந்தவை. மூன்றாவது, பலருடைய சரக்கை ஒரே கன்டெய்னரில் சேர்த்து ஏற்றும் கப்பல் சேவை. ஏஜென்ட் முழுக் கன்டெய்னரைக் கப்பல் கம்பெனியிடம் எடுத்து, அதைக் கன மீட்டர் கணக்கில் சில்லறையாக விற்கிறார். போர்ட் லூயித் துறைமுகப் பக்கம் இதைச் செய்கிறவர்கள் பலர். விலை ஆளுக்கு ஆள் மாறும், நடைமுறை பெரும்பாலும் ஒன்றுதான். எனவே எந்த ஏஜென்ட் நல்லவர் என்பது இங்கே கேள்வி இல்லை. வீட்டுப் பின்கட்டில் அசாரும் (ஊறுகாய்) மசாவாருவும் (அரைத்த மிளகாய் விழுது) போட்டு விற்கும் ஒருவருக்கு இந்தச் சேவை கட்டுமா என்பதே கேள்வி.

ஒரு பேலட் (பெட்டிகளை அடுக்கிக் கட்டும் தட்டுப்பலகை) சரக்கும், அந்தக் கரையில் அதை இறக்கிக்கொள்ள ஒரு கடைக்காரரும் இருந்தால் கட்டும். பத்துப் பெட்டியை வைத்துக்கொண்டு 'அனுப்பிப் பார்ப்போமே' என்று கிளம்பினால் கட்டாது. மதிப்பெண் போடச் சொன்னால், இந்தக் கரை வேலைக்கு ஐந்துக்கு நான்கு, அந்தக் கரை வேலைக்கு ஐந்துக்கு இரண்டு. அந்த இரண்டு ஏன் என்பது கீழே வரும்.

பெட்டிக் கணக்கு

250 கிராம் ஊறுகாய் பிடிக்கும் சாதாரணத் திருகுமூடிக் கண்ணாடிப் பாட்டிலை எடுத்துக்கொள்வோம். வெறும் பாட்டில் 150 கிராம், மூடி 10 கிராம் வைத்தால் நிறைந்த பாட்டில் 410 கிராம். நாலுக்கு மூன்றாகப் பன்னிரண்டு வைத்த அட்டைப்பெட்டி, தடுப்பு அட்டையோடு, சுமார் 31 செ.மீ. நீளம், 24 அகலம், 12 உயரம், 5.2 கிலோ எடை வரும். 120க்கு 80 செ.மீ. ஐரோப்பிய பேலட்டில் இந்தப் பெட்டி ஒரு அடுக்குக்குப் பத்து உட்காரும். பேலட் கட்டையின் உயரம் 14.4 செ.மீ.

ஏழு அடுக்கு வைத்தால் 70 பெட்டி, 840 பாட்டில், மொத்த உயரம் 98.4 செ.மீ., கன அளவு 0.945 கன மீட்டர். எட்டாவது அடுக்கு வைத்தால் 1.06. குரூப்பாஜில் குறைந்தபட்சக் கட்டணம் பெரும்பாலும் ஒரு கன மீட்டர். நீங்கள் 20 பெட்டி கொடுத்தாலும் அந்த ஒன்றுக்குத்தான் பில் வரும். ஏழு அடுக்கில் கொடுத்த காசுக்கு ஏறக்குறைய முழு இடத்தையும் நிரப்பிவிடுகிறோம். எட்டாவது அடுக்கு வைக்குமுன் ஏஜென்டிடம் ஒன்று கேட்டுக்கொள்ள வேண்டும்: ஒன்றைத் தாண்டினால் 1.06க்குத்தான் பில்லா, இல்லை ஒன்றரைக்கோ இரண்டுக்கோ மேல்நோக்கி முழுமையாக்குவீர்களா? முழுமையாக்குகிறவர் என்றால் ஏழோடு நிறுத்துவதுதான் லாபம். வாழையிலையில் ஏழு கறி, பேலட்டில் ஏழு அடுக்கு என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

கடல் கட்டணத்தில் 1 கன மீட்டரும் 1,000 கிலோவும் ஒன்று, எது அதிகமோ அதற்குப் பணம். நம் பேலட் ஏழு அடுக்கில் பேலட் கட்டையையும் சேர்த்து 390 கிலோதான். எடை கணக்கிலேயே வராது, இடத்துக்கு மட்டும்தான் காசு. கூரியரில் இது தலைகீழ். பெட்டியின் மூன்று அளவையும் செ.மீ.யில் பெருக்கி 5,000ஆல் வகுத்தால் 1.8 கிலோ, உண்மை எடை 5.2. கூடுதலானதற்குத்தான் பில் என்பதால் கண்ணாடிக்கும் அட்டைக்கும் சேர்த்தே விமானக் கூலி கட்டுகிறோம். ஒரு பெட்டியில் ஊறுகாய் 3 கிலோ, மீதி 2.2 கிலோ தின்ன முடியாத சரக்கு. கப்பல் அந்தக் கண்ணாடியை இலவசமாகத் தூக்குகிறது. பாட்டில் சரக்குக்கு குரூப்பாஜ் பொருந்துவதன் காரணம் முழுக்க இதுதான். அப்பளம், வறுவல் மாதிரி காற்றடைத்த சரக்குக்கு இந்தக் கணக்கு அப்படியே புரண்டுவிடும். அதே ஒரு கன மீட்டரில் எடை கொஞ்சமாகத்தான் போகும். கூரியரிலும் அளவுக்குத்தான் பில் விழும்.

கெடுவது கப்பலில் இல்லை, மூடியில்

இந்தச் சேவையைக் குறை சொல்கிறவர்களில் பாதிப்பேரின் குறை உண்மையில் பாட்டில் மூடி பற்றியது. கன்டெய்னர் வெயிலில் நிற்கும். உள்ளே 55 டிகிரி சாதாரணம். 25 டிகிரியில் அடைத்த எண்ணெய் 30 டிகிரி ஏறினால் கன அளவில் சுமார் 2 சதவீதம் விரியும். அது பெரிய விஷயமில்லை. காய்த் துண்டுகளுக்கு அடியில் மாட்டிக்கொண்ட காற்றுக் குமிழ் 10 சதவீதம் விரிந்து, மேலே இருக்கும் எண்ணெயை மூடி விளிம்புக்குத் தள்ளுவதுதான் விஷயம். அடைக்கும்போது மெல்லிய குச்சியைப் பக்கவாட்டில் விட்டுக் குமிழை வெளியேற்ற வேண்டும். வாய் விளிம்பிலிருந்து 8 முதல் 10 மி.மீ. காலி விட வேண்டும். இந்த இரண்டையும் செய்யாமல் மூடியை எவ்வளவு இறுக்கினாலும் கசியும். அதிகம் இறுக்கினால் மூடிக்குள் இருக்கும் ரப்பர் போன்ற வளையம் வெட்டுப்பட்டு இன்னும் கசியும்.

மசாவாரு போன்ற அரைத்த மிளகாய் விழுதைச் சூடாகவே, 85 டிகிரிக்குக் குறையாமல், சூடாக்கிய பாட்டிலில் அடைத்து மூடி, சில நிமிடம் கவிழ்த்து வைத்தால் ஆறியபின் உள்ளே வெற்றிடம் பிடிக்கும். மூடியின் நடுப்பொட்டு உள்ளே இழுத்துக்கொள்ளும். எண்ணெய் அசாரை அப்படிச் சூடாக அடைப்பது வழக்கமில்லை, காய் குழைந்துவிடும். அங்கே பாதுகாப்பு அமிலத்தில் இருக்கிறது. காய்க்குள்ளேயே பி.ஹெச். (அமில அளவுகோல், எண் குறையக் குறைய அமிலம் அதிகம்) 4.6க்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும்; 4.2 வைத்துக்கொண்டால் நிம்மதி. எண்ணெயில் மூழ்கிய பூண்டுக்கு வினிகர் போதாமல் போனால் போட்டுலினம் என்ற, உயிரைக் கொல்லும் நச்சை உண்டாக்கும் கிருமி வளர வாய்ப்பு. எண்ணெய் காற்றை மறைப்பதால் அதற்கு அது சாதகமான வீடு. அளக்கும்போது எண்ணெயை வடித்துவிட்டு, காயை அரைத்து அளக்க வேண்டும். மேலே மிதக்கும் வினிகரை மட்டும் அளந்தால் எண் அழகாக வரும், உண்மை வராது.

மூடி விஷயத்தில் இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. சாதாரணத் திருகுமூடியின் உள்வளையம் பி.வி.சி. அதை மென்மையாக்கச் சேர்க்கும் பொருள்கள் எண்ணெயில் கரைந்து இறங்கும். ரீயூனியன் ஃபிரான்ஸின் பகுதி, எனவே ஐரோப்பிய விதிதான் அங்கும். ஐரோப்பிய ஒன்றியம் அதற்கு வரம்பு வைத்திருக்கிறது; இ.எஸ்.பி.ஓ. எனப்படும் சோயா எண்ணெய் வழிப் பொருளுக்குக் கிலோவுக்கு 60 மில்லிகிராம். ஜாம் பாட்டிலில் பிரச்சினை இல்லாத அதே மூடி எண்ணெய் ஊறுகாயில் வரம்பைத் தாண்டக்கூடும். எண்ணெய்ப் பொருளுக்கென்று வரும் மூடியை, முடிந்தால் பி.வி.சி. இல்லாத மூடியை வாங்கி, விற்கிறவரிடம் பொருத்தச் சான்றும் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். போர்ட் லூயிச் சந்தையில் தொட்டியிலிருந்து அள்ளிப் பையில் போட்டுத் தரும் அசாருக்கு இந்தத் தலைவலி எதுவும் கிடையாது, அது ஒரு வாரத்தில் தீர்ந்துவிடும். கப்பலேறும் அசார் ஒரு வருடம் அலமாரியில் நிற்க வேண்டும்.

ஒரு பாட்டில் கசிந்தாலும் எண்ணெய் அடுக்கடுக்காகக் கீழே இறங்கும். காகித லேபிள் என்றால் பத்துப் பெட்டியாவது விற்க முடியாமல் போகும். அதனால் லேபிள் பிளாஸ்டிக் படலத்தில் இருக்கட்டும். அடி இரண்டு அடுக்குக்கு, ஐந்து தாள் சேர்த்து ஒட்டிய கெட்டி அட்டைப்பெட்டி. மூலைக்கு அட்டைக் கோணம். மேலே 'இதன்மேல் ஏற்றாதே' என்று கூம்பு வைக்கலாம்; ஆனால் குரூப்பாஜ் கிடங்கில் கூம்பை யாரும் பெரிதாக மதிப்பதில்லை, மேலே இன்னொருவர் சரக்கு ஏறியே தீரும் என்று வைத்துக் கட்டுவது நல்லது. பக்கத்தில் என்ன ஏறும் என்பதும் நம் கையில் இல்லை. டயரும் சோப்புத்தூளும் கூட வரலாம். பாட்டிலுக்குக் கவலையில்லை. மசாலாத் தூளைப் பையில் அனுப்புகிறவர் மணம் புகாத படலப் பை எடுக்க வேண்டும்.

மரப் பேலட்டில் கோதுமைக் கதிர்ச் சின்னமும் ஹெச்.டி. எழுத்தும் சுட்ட முத்திரையாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரியில் 30 நிமிடம் சூடேறியது என்பதற்கான அடையாளம் அது. முத்திரை இல்லாத பேலட்டைக் கடைவாசலில் சும்மா கிடைத்தது என்று எடுத்தால், மரப்புழு பயத்தில் அந்தக் கரையில் நிறுத்திவிடுவார்கள். பிளாஸ்டிக்குக்கும் ஒட்டுப்பலகைக்கும் இந்த விதி கிடையாது.

அந்தக் கரையின் பில்

இரண்டு மதிப்பெண் போட்டதன் காரணம் இதுதான். குரூப்பாஜ் விலை சொல்லும்போது ஏஜென்ட் கடல் கூலியை முன்னால் வைக்கிறார். அது பார்க்கக் குறைவாக இருக்கும். சில நேரம் 'கடல் கூலியே இல்லை' என்றும் சொல்வார்கள். அந்தப் பணம் மறுகரையில் வேறு பெயரில் வரும்: கன்டெய்னரைப் பிரிக்கும் கூலி, சரக்கு விடுவிப்பு ஆவணக் கட்டணம், துறைமுகக் கையாளுதல், கிடங்கு வாடகை. இதை ரீயூனியனின் லெ போர் துறைமுகத்தில் வாங்குகிறவர்தான் கட்டுவார். முதல் சரக்கிலேயே எதிர்பாராத பில் வந்தால் இரண்டாவது ஆர்டர் வராது.

கேட்க வேண்டிய முறை இது: 'ரீயூனியனில் செயிந்த் அந்த்ரே ஊரில் கடை வாசல் வரைக்கும், எல்லாம் சேர்த்து, இந்த 0.945 கன மீட்டருக்கு எவ்வளவு? அந்தக் கரையில் என் வாடிக்கையாளருக்கு என்னென்ன தலைப்பில் பில் வரும்? எத்தனை நாள் வரை கிடங்கு இலவசம்?' பதில் எழுத்தில் வர வேண்டும். எழுதித் தரத் தயங்குகிறவரை விட்டுவிடலாம். அவர் ஏமாற்றுக்காரர் என்று அர்த்தமில்லை. மறுகரைக் கூட்டாளியின் விலை அவருக்கே தெரியாது என்று அர்த்தம். சிறு வியாபாரிக்கு இரண்டும் ஒன்றுதான்.

இந்தக் கரை வேலை பொதுவாக ஒழுங்கு. சரக்கைக் கிடங்கில் இறக்க வேண்டிய கடைசி நாளைச் சொல்வார்கள். அது கப்பல் புறப்படும் நாள் இல்லை, அதற்குச் சில நாள் முந்தியது. புதிதாக வருகிறவர்கள் சறுக்கும் இடம் இது. அளவு எடுக்கும்போது பக்கத்தில் நிற்பது நல்லது. படலம் சுற்றும்போது ஒரு பெட்டி 3 செ.மீ. வெளியே துருத்தினால் நீளம் 120 அல்ல, 123, அதே 98.4 உயரத்துக்கு 0.968. அகலத்திலும் அப்படியே துருத்தினால் 1.005. அளவுநாடா துருத்தின இடத்திலிருந்துதான் ஓடும்.

போர்ட் லூயிக்கும் ரீயூனியனுக்கும் நடுவே 230 கிலோமீட்டருக்கும் குறைவு. கப்பலுக்கு ஓர் இரவுப் பயணம். மீதி எல்லாம் காத்திருப்பு: கன்டெய்னர் நிறைய, கப்பல் வர, இறங்கியதைப் பிரிக்க, சுங்கம் முடிய. திட்டமிடும்போது மூன்று வாரம் என்று வைத்துக்கொள்வது நல்லது.

தாள்கள்

குரூப்பாஜில் ஒருவர் தாளில் தவறு என்றால் சில சமயம் கன்டெய்னரே நிற்கும், அடுத்தவர் சரக்கும் சேர்ந்து. ஏஜென்ட் கடுகடுப்பதற்கு நியாயம் உண்டு. இன்வாய்ஸ், பெட்டிப் பட்டியல், கப்பல் பத்திரம் (அசலைக் காட்டிச் சரக்கை எடுக்கும் தாள்) மூன்றிலும் எடையும் பெட்டி எண்ணிக்கையும் ஒரே எண்ணாக இருக்க வேண்டும். பேலட் எடையை ஒன்றில் சேர்த்து இன்னொன்றில் விட்டுவிடுவது வழக்கமான பிழை.

'ஊறுகாய்' என்று மட்டும் எழுதினால் போதாது. ரீயூனியன் ஐரோப்பிய ஒன்றியச் சுங்க எல்லைக்குள் இருப்பதால், 2024 முதல் கடல்வழிச் சரக்குக்கும் ஆறு இலக்கச் சுங்கக் குறியீட்டோடு முன்கூட்டியே விவரம் போய்ச் சேர வேண்டும். குறியீட்டில் ஊறுகாய்க்கு ஒரு வேடிக்கை இருக்கிறது. வினிகரில் பதப்படுத்திய காய்கறியும் பழமும் 2001. அதற்குள் மாங்காய்ச் சட்னிக்கு ஐரோப்பியப் பட்டியலில் தனி எண்ணே உண்டு, 2001 90 10. காரமிளகாய்க்கு 2001 90 20. ஆனால் 2001 என்று போட வேண்டுமானால் ஆவியாகும் அமிலம் அசிட்டிக் அமிலக் கணக்கில் எடையில் 0.5 சதவீதமாவது இருக்க வேண்டும். வினிகர் குறைவான காய்கறி எண்ணெய் அசார் 2005க்குப் போய்விடும். மாங்காய்ச் சட்னியை அரைத்துத் திரவமாக்கினால் 2103 90 10. மசாலாத் தூள் கலவை 0910 91. குறியீடு மாறினால் வரி மாறும். எனவே பி.ஹெச். சோதனையோடு அமில அளவையும் சேர்த்து எடுத்து அறிக்கையைக் கோப்பில் வைக்க வேண்டும்.

2012 மே முதல் நடப்பில் இருக்கும் கிழக்கு, தெற்கு ஆப்பிரிக்க நாடுகளுக்கும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் இடையிலான ஒப்பந்தத்தின்படி மொரீஷியஸ் தோற்றப் பொருள் சுங்க வரி இல்லாமல் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் போகலாம். சரக்கு 6,000 யூரோவுக்கு உட்பட்டால் இன்வாய்ஸிலேயே தோற்ற வாசகத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். அதைத் தாண்டினால் சுங்கத்தில் 'யூர்-1' சான்று வாங்க வேண்டும். நம் ஏழு அடுக்குப் பேலட் 840 பாட்டில். ஒன்று 7 யூரோ விலை போட்டாலும் 5,880தான், வாசகமே போதும். தோற்றம் என்பது பாட்டில் அடைத்த இடம் மட்டுமல்ல. மாங்காய் எந்த மண்ணில் காய்த்தது என்பதுதான் முதல் கேள்வி. வெளிநாட்டுக் காய்கறி கலந்தால் சலுகை போய்விடலாம். ஒப்பந்தத்தில் சேர்ந்த மடகாஸ்கரில் காய்த்ததைச் சேர்த்துக் கணக்கிட வழி உண்டு, அதற்கு அங்கிருந்தும் சான்று வேண்டும். தோட்டக்காரரிடம் வாங்கிய ரசீதைத் தூக்கி எறியாமல் வைத்திருப்பவருக்கே இந்தச் சலுகை.

கப்பல் பத்திரத்தின் அசல் தாள் கூரியரில் போவதற்குள் சரக்கு போய்ச் சேர்ந்திருக்கும். அதனால் அசல் தேவைப்படாத கடல்வழிச் சீட்டோ, மின்னஞ்சலில் விடுவிக்கும் முறையோ கேட்க வேண்டும். அப்படிச் செய்தால் பணம் வராமல் சரக்கைப் பிடித்துவைக்கும் பிடி நம் கையை விட்டுப் போய்விடும். பாதிப் பணம் முன்னால், மீதி கிடங்கில் இறக்கிய அன்று என்பது சிறியவருக்குப் பொருந்தும். ஃபிரெஞ்சுப் பேரங்காடிகளோ 60 நாள் வரை சட்டப்படியே எடுத்துக்கொள்ளலாம். இரண்டு மாதம் ஒரு பேலட் பணம் முடங்கினால் அடுத்த மாங்காய்ப் பருவத்துக்கு எண்ணெய் வாங்கக் கையில் காசு இருக்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். முதலில் சிறிய கடைக்காரர், பிறகு பேரங்காடி என்பதுதான் நடக்கிற வழி.

லேபிள்

மொரீஷியஸ் லேபிள் பெரும்பாலும் ஆங்கிலத்தில். ரீயூனியனில் ஃபிரெஞ்சு கட்டாயம். மேலே ஒட்டும் சிறு சீட்டு செல்லும். ஆனால் கப்பலேறுமுன் ஒட்ட வேண்டும், அங்கே போய் ஒட்டலாம் என்று விடக்கூடாது. பொருட்கள் எடை இறங்குவரிசையில். கடுகு ஐரோப்பிய ஒவ்வாமைப் பட்டியலின் 14 பொருள்களில் ஒன்று, எனவே தடித்த எழுத்து மாதிரி தனித்துத் தெரியும்படி வர வேண்டும். நம் அசாரில் கடுகு இல்லாத பாட்டில் எது? எள்ளுக்கும் அப்படியே. கந்தக டையாக்சைடு கிலோவுக்கு 10 மில்லிகிராமைத் தாண்டினால் அதுவும். வினிகரில் மிதக்கும் அசாருக்கு வடித்த எடையும் எழுத வேண்டும், எண்ணெயில் கிடப்பதற்குத் தேவையில்லை. 250 கிராம் என்ற எண்ணின் உயரம் 4 மி.மீ., மற்ற எழுத்தில் சிறிய எழுத்தின் உயரம் 1.2 மி.மீ.க்குக் குறையக்கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இருக்கும் இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும் இல்லாமல் லேபிள் முழுமையாகாது. ஆள் பிடிக்குமுன் லேபிள் அச்சடிப்பது வீண்செலவு. பட்டைக்குறி (பார்கோடு) மொரீஷியஸில் வாங்கினால் 609இல் தொடங்கும்.

மிளகாய்த் தூள் சேர்க்கும் எல்லாரும் ஒன்றை ஒதுக்க முடியாது: 2003இலிருந்து சூடான் என்ற, உணவில் தடைசெய்த சிவப்புச் சாயத்தை ஐரோப்பா தேடிப் பிடிக்கிறது. மிளகாய், மஞ்சள், இஞ்சிக்கு அஃப்ளடாக்ஸின் பி1 என்ற பூஞ்சை நச்சின் வரம்பு கிலோவுக்கு 5 மைக்ரோகிராம், மொத்தம் 10. தூளாக வாங்குவதைவிட முழு மிளகாயாக வாங்கிக் காயவைத்து அரைப்பவருக்கு இந்தச் சோதனையில் பயம் குறைவு.

இத்தனையும் ஒரு பொருளுக்கு. பதினான்கு வகை ஊறுகாய் வைத்திருப்பவர் பதினான்கையும் ஒரே பேலட்டில் ஏற்றினால் பதினான்கு லேபிள், பதினான்கு அமிலச் சோதனை, நாலைந்து சுங்கக் குறியீடு. கடை நிறைந்து தெரிய வேண்டும் என்ற ஆசை உள்ளூரில் சரி. கப்பலில் ஒன்று அல்லது இரண்டுதான். மீன் வின்தாய் (கடுகு, வினிகரில் ஊறிய மீன்) வேண்டவே வேண்டாம். மீன் கலந்த எதற்கும் ஐரோப்பிய ஒன்றியம் அங்கீகரித்த தொழிற்கூடம் வேண்டும். பேலட் மூலையில் வாடிக்கையாளருக்குப் பிரியமாக ஒரு கட்டுப் பச்சைக் கறிவேப்பிலை வைப்பதும் கூடாது. தாவர சுகாதாரச் சான்று இல்லாத பச்சை இலை முழுப் பேலட்டையும் மாட்டிவிடும்.

வாங்குகிறவர்

ரீயூனியனில் சரக்கை எடுப்பவருக்கு ஈஓஆர்ஐ என்ற ஐரோப்பியச் சுங்கப் பதிவு எண் இருக்க வேண்டும். செயிந்த் அந்த்ரேயிலோ செயிந்த் பியேரிலோ உறவினர் இருக்கிறார் என்பது பதிவு எண் ஆகாது. உறவினர் நல்ல சுவைஞர், மோசமான இறக்குமதியாளர். 'எல்லா வரியும் நானே கட்டிக் கடைவாசலில் தருகிறேன்' என்று விற்பவர் ஏற்பதும் வேண்டாம். ஒன்றியத்துக்குள் பதிவில்லாதவர் அறிவிப்புத் தாக்கல் செய்ய இடையில் ஒரு பிரதிநிதியைக் கூலிக்கு வைக்க வேண்டியிருக்கும்.

சுங்க வரி இல்லை என்றதும் வரியே இல்லை என்று நினைப்பது இன்னொரு பிழை. ரீயூனியனில் 'ஒக்த்ருவா து மேர்' என்ற கடல் வரி உண்டு. மார்செயில் இருந்து வரும் ஜாமுக்கும் அது விழும். விகிதத்தைப் பிராந்திய மன்றம் பொருளுக்குப் பொருள் வைக்கிறது. தீவிலேயே செய்யப்படும் பொருளோடு போட்டி போடுவதற்குக் கூடுதலாக வைப்பது வழக்கம், மிளகாய் விழுதும் அசாரும் அங்கேயும் செய்கிறார்கள். அது போக மதிப்புக்கூட்டு வரி, உணவுக்கு 2.1 சதவீதம். குறியீட்டைச் சொல்லி இன்றைய விகிதத்தை வாங்குகிறவர் தன் சுங்க முகவரிடம் கேட்ட பிறகே விலை பேச வேண்டும்.

ரீயூனியனில் கால் வைத்தால் பாரிஸில் வைத்த மாதிரி என்று சொல்லி விற்கிற ஏஜென்டுகளும் உண்டு. சுங்க எல்லை ஒன்றுதான், வரி எல்லை வேறு. ரீயூனியன் ஒன்றியத்தின் மதிப்புக்கூட்டு வரிப் பரப்புக்கு வெளியே இருக்கிறது. அங்கிருந்து ஃபிரான்ஸுக்கு ஏற்றினால் திரும்பவும் தாள், திரும்பவும் வரி. பாரிஸ்தான் குறி என்றால் நேராக அங்கேயே அனுப்பும் கணக்கைப் போட வேண்டும்.

காப்பீடு, மற்ற வழிகள்

ஏஜென்ட் தரும் சரக்குக் காப்பீட்டில் 'ஏ' பிரிவை, சரக்கு விலையும் கூலியும் சேர்ந்ததற்கு 110 சதவீதம் எடுப்பது முறை. கசிவுக்குப் பணம் வரும் என்று நம்ப வேண்டாம். போதாத பேக்கிங்கால் வந்த சேதத்தை அந்தப் பிரிவும் ஏற்காது. கப்பலைக் காப்பாற்ற யாருடைய சரக்கையோ கடலில் தள்ளினால் அந்த நஷ்டத்தில் பங்கு நம் பேலட்டுக்கும் உண்டு. காப்பீடு எடுப்பதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

தபாலும் கூரியரும் மாதிரிப் பாட்டில் அனுப்ப மட்டும். கடைக்காரருக்கு ஆறு பாட்டில், ஆய்வகத்துக்கு மூன்று. ஒரு கடைக்காரர் ஆறையும் விற்றுவிட்டு மேலும் கேட்டால்தான் பேலட்டைப் பற்றிப் பேச வேண்டும். கைப்பையில் எடுத்துப் போய்க் காட்டலாம் என்று நினைப்பவருக்கு: 100 மில்லியைத் தாண்டிய அசார் விமானக் கைப்பையில் ஏறாது, பெரிய பெட்டியில் போட வேண்டும், அப்போதும் முன்சொன்ன குமிழ்க் கதைதான்.

எப்போது ஏற்றுவது

விற்பனை ஏறும் காலமும் புயல் காலமும் இந்தக் கடலில் ஒன்றாக வருகின்றன. நவம்பர் முதல் ஏப்ரல் வரை புயல் எச்சரிக்கை வந்தால் இரு கரைத் துறைமுகமும் மூடும், மூன்று வாரம் ஐந்து வாரமாகும். தீபாவளிச் சரக்கு செப்டம்பர் முடிவுக்குள் கிடங்கில் இருக்க வேண்டும். தை மாதக் காவடிக்குப் பத்து நாள் விரதம் இரண்டு தீவிலும் உண்டு, அந்தப் பத்து நாளில் பாட்டில் அசார் ஓடும் ஓட்டம் தனி. அதற்கான பேலட்டை டிசம்பர் முதல் வாரத்திலேயே ஏற்றிவிட வேண்டும். கிறிஸ்துமஸ் வாரத்துக்குத் தள்ளினால் அந்தக் கரையில் கன்டெய்னர் பிரிக்க ஆள் இருக்காது, இலவசக் கிடங்கு நாள் ஓடிக்கொண்டே இருக்கும். பருவ மாங்காயும் டிசம்பரில்தான் வருகிறது. ஆகவே காவடிக்கு ஏறும் பாட்டில் போன பருவத்தில் ஊறியதாக இருக்கும். காலாவதித் தேதியை அதற்கேற்ப எண்ணி அச்சடிக்க வேண்டும்.